எழுத்தை நம்பினேன்

மத்தூர் என்றதும் வடை ஞாபகம் வருகிறவர்கள் நம்மில் அநேகர். நானும் அந்தக் கட்சிதான். போன ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவண்ணாமலையிலிருந்து ஓசூருக்குக் காரில் போய்க்கொண்டிருந்தேன். செங்கம், சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை எல்லாம் கடந்து மத்தூர்ப் பலகை கண்ணில் பட்டதும் நாக்கில் நீர் ஊறியது. ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி இறங்கி, "மத்தூர் வடை இருக்கிறதா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்தக் கேள்வியை அவர் எத்தனை பேரிடம் கேட்டுச் சலித்தாரோ!

"அது கர்நாடகாக்காரங்க மத்தூருங்க, சார். பெங்களூர்ல இருந்து மைசூர் போற வழியில இருக்குது. இங்க மசால் வடைதான். போடட்டுங்களா?"

பெயர் ஒன்று, ஊர் இரண்டு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மத்தூர் கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. சுற்றிலும் மாந்தோப்புகள். விடியுமுன்னே கம்பெனி பஸ்கள் வந்து பையன்களையும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு ஓசூர்ப் பக்கம் போய்விடுகின்றன. மாமரம் வைத்தவர் வீட்டில் இருக்கிறார். அவருடைய மகன் மோட்டார் சைக்கிளுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருக்கிறான். இதையெல்லாம் கடைக்காரரிடம் சாவகாசமாகப் பேசிக்கொண்டு நின்றேன். வடை எண்ணெயில் மிதந்தது. என் மனைவியும் இறங்கி வந்து சேர்ந்துகொண்டாள். முழங்கால் வலியினால் இறங்க மனமில்லாமல் என் தாயார் மட்டும் காரின் பின் ஆசனத்திலேயே சாய்ந்திருந்தாள்.

தற்செயலாகத் திரும்பினேன். கார் நகர்ந்துகொண்டிருந்தது.

அந்தச் சில விநாடிகளை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கதைகளில் எத்தனையோ விபத்துகளைத் தாராளமாக நடத்தி வைத்திருக்கிறேன். அதற்கெல்லாம் இலக்கண சுத்தமான வாக்கியங்கள் வந்தன. இங்கே என் கண்ணெதிரில் என் கார், டிரைவர் இல்லாமல், சத்தமே இல்லாமல், சாலையோரச் சரிவில் ஊர்ந்து போகிறது. உள்ளே என் தாயார். பத்தடி தூரத்தில் ஒரு கிழவி சாக்கு விரித்து மாம்பழம் குவித்து உட்கார்ந்திருக்கிறாள். கார் அவளை நோக்கித்தான் போகிறது.

ஓடினேன். சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது என்பதுகூடத் தோன்றவில்லை. கதவின் கைப்பிடியைப் பற்றி, மாட்டைக் கொம்பில் பிடித்து இழுப்பது மாதிரி பின்னால் இழுத்தேன். கார் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிற்று. அந்தக் கிழவி அலறவில்லை. தான் உட்கார்ந்திருந்த கல்லிலிருந்து எழுந்தாள். அதைக் காலால் உருட்டிக் கையால் ஒரு தள்ளுத் தள்ளினாள். கல் முன் சக்கரத்துக்கு அடியில் போய்ப் பொருந்தியது. கார் ஒரு குலுக்கலுடன் நின்றது. மாம்பழக் குவியலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும்.

உள்ளேயிருந்து என் தாயார், "ஏண்டா, டீ குடிக்கலையா? அதுக்குள்ளேயா கிளம்பிட்டே?" என்று கேட்டாள்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. அன்று போச்சம்பள்ளிச் சந்தை நாள். சாலையில் ஆள் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் மனிதனுடைய சுபாவம் பாருங்கள், அந்த நிலையிலும் எனக்கு முதலில் தோன்றியது என் பேரில் தப்பில்லை என்று நிரூபிப்பதுதான். கதவைத் திறந்து கியர்த் தண்டை எல்லோருக்கும் காட்டினேன். "பாருங்கள், 'பி'யில்தான் இருக்கிறது! 'பி' என்றால் பார்க்கிங். வண்டியை நிறுத்திவிட்டுத்தான் இறங்கினேன்!"

கிழவி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை என்று பிறகு புரிந்தது.

"எழுத்த நம்பியா பெத்த தாய உள்ள வெச்சுட்டு எறங்கிப் போன? ஒரு கல்லு வெக்கணும்னு உங்க ஊர்ல யாரும் சொல்லித் தர மாட்டாங்களா?" என்றாள்.

எழுத்தையே நம்பிப் பிழைக்கிறவனை இதைவிடச் சரியாக யாரும் கேட்டதில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. நான் வைத்திருப்பது தானே கியர் மாறும் கார். இடது முழங்காலில் கோளாறு வந்து, கிளட்ச் மிதிப்பது கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, பழைய காராக ஒன்றைப் பார்த்து வாங்கினேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். எட்டு வயதான காரில் எது கழன்றாலும் அது வயதின் குற்றம். இந்தக் கார்களில் 'பி', 'ஆர்', 'என்', 'டி' என்று நான்கு எழுத்துகள். நிறுத்தி வைக்க, பின்னால் போக, சும்மா இருக்க, முன்னால் போக. அமெரிக்காவில் 1939-லேயே ஜெனரல் மோட்டார்ஸ், ஹைட்ரமாடிக் என்ற பெயரில் 1940-ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் தானியங்கி கியரை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. நம் ஊரில் அது வெகு காலம் பணக்காரர் சமாசாரமாகவே இருந்தது. 2014-இல் மாருதி செலேரியோ வேறொரு மலிவான முறையில் கிளட்ச் மிதியை ஒழித்த பிறகுதான், மாதச் சம்பளக்காரரும் இடது காலுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று ஆயிற்று.

ஒரு மாதமாகவே என் கார் எனக்கு ஜாடை காட்டிக்கொண்டிருந்தது. கியர்த் தண்டு ஆடும் பல்லைப் போலக் கொஞ்சம் இளக்கமாக இருந்தது. ஒரு நாள் 'பி'யில் வைத்துச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் கிளம்பவில்லை. 'என்'னுக்குத் தள்ளித் திருப்பினால் கிளம்பிற்று. பாட்டரி கிழடாகிவிட்டது என்று நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்தவன் என்ற கர்வம் வேறு. அரைகுறைப் படிப்புக்கு இருக்கும் தைரியம் முழுப் படிப்புக்கு இருப்பதில்லை.

கைப்பிரேக்கு? அதைப் போடுவதில்லை. 'பி' இருக்கும்போது கைப்பிரேக்கு எதற்கு என்பது என் சித்தாந்தம். மத்தூரில் நிறுத்தியபோதும் போடவில்லை. சக்கரத்துக்கு முன்னால் இருந்த ஒரு சிறு மண்மேடு இரண்டு நிமிஷம் காரைத் தாங்கியிருக்கிறது. என் மனைவி இறங்கிக் கதவை அறைந்து சாத்தியதில் அந்தப் பிடி விட்டிருக்க வேண்டும். கதவைச் சாத்தியது காற்று என்பது அவள் கட்சி. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனதால் பட்டறை எதுவும் திறந்திருக்கவில்லை. டீக்கடைக்காரர் யாருக்கோ போன் செய்தார். கைலி கட்டிய ஓர் இளைஞன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். வாரம் ஆறு நாளும் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஞாயிறன்று ஊரில் தெரிந்தவர்களின் கார்களைப் பார்த்துக் கொடுப்பானாம். வந்ததும் கையை எதிலும் வைக்கவில்லை. முதலில் கைப்பிரேக்கைத் தூக்கினான். பின் சக்கரத்துக்கும் ஒரு கல் வைக்கச் சொன்னான். கிழவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளே என் தாயாரைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு போய்த் தன் சாக்கில் உட்கார்த்திக்கொண்டாள்.

பையன் சாவியைப் போட்டுப் பாதி திருப்பினான். எஞ்சின் ஓடவில்லை, முன் பலகையில் விளக்குகள் மட்டும் எரிந்தன.

"சார், கைகிட்ட என்ன எழுத்து?"

"பி."

"இங்க முன்னாடி?"

பார்த்தேன். பலகையில் 'டி' என்று பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"இதுல எது நெசம்?" என்று கேட்டுச் சிரித்தான்.

விஷயம் இதுதான். கியர்த் தண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்து, நம் கை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. முன் பலகையில் எரியும் எழுத்து, கியர்ப் பெட்டியின் மேலேயே பொருத்தியிருக்கும் ஒரு ஸ்விட்சிலிருந்து வருகிறது. பெட்டி உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது சொல்கிறது. முதலாவது நம் உத்தரவு. இரண்டாவது உத்தரவு நிறைவேறியதா என்பதன் தகவல். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு கம்பி. என் காரில் அந்தக் கம்பியின் நுனி கழன்றுவிட்டது. நான் 'டி'யிலிருந்து 'பி'க்குத் தள்ளியபோது தண்டு வந்தது, கம்பி வந்தது, பெட்டி வரவில்லை. தண்டு 'பி'யில் இருக்கிறதே என்று சாவியும் சாதுவாக வெளியே வந்துவிட்டது.

"எஞ்சினை நிறுத்திவிட்டேனே, 'டி'யில் இருந்தாலும் கார் நிற்க வேண்டாமா?" என்று கேட்டேன். சின்ன வயதில் அம்பாஸடர் டாக்ஸிக்காரர்கள் மேட்டில் முதல் கியரில் போட்டுவிட்டு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

"அது கிளட்ச் வண்டி, சார். சக்கரமும் எஞ்சினும் நேராப் பிடிச்சுட்டு இருக்கும். இதுல நடுவுல ஆயில். எஞ்சின் நின்னா பம்ப் நின்னுச்சு, ஆயில் அழுத்தம் போச்சு, பிடி விட்டுரும். இதைத் தடுக்கறது 'பி' ஒண்ணுதான்."

'பி' எப்படித் தடுக்கிறது என்றும் சொன்னான். கியர்ப் பெட்டிக்குள், சக்கரங்களோடு சேர்ந்து சுழலும் ஒரு பல்சக்கரம் இருக்கிறது. 'பி'யில் போட்டால் சிறு இரும்புக் கொக்கி ஒன்று அதன் பல்லிடுக்கில் போய் விழுகிறது. கதவுக்குத் தாழ்ப்பாள் மாதிரி. ஒரு டன்னுக்கு மேல் கனமுள்ள காரைச் சரிவில் தாங்குவது அந்த விரல் பருமன் கொக்கி. அதைத் தள்ளிவிடுவது இந்தக் கம்பி.

பேசிக்கொண்டே பானெட்டைத் திறந்து, பாட்டரியையும் காற்று வடிகட்டிப் பெட்டியையும் கழற்றி வைத்தான். அடியில் கியர்ப் பெட்டி தெரிந்தது. அதன் தலையில் ஒரு சின்னக் கைப்பிடி. பக்கத்தில் வாலறுந்த பல்லி போலக் கம்பியின் நுனி தனியே கிடந்தது. நுனியில் ஒரு வளையம். வளையத்துக்குள் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் புஷ் உடைந்து இரண்டு துண்டுகளாகிவிட்டது. துண்டுகளைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தான். சட்டைப் பொத்தானைவிடப் பெரிதில்லை. எஞ்சின் சூட்டில் பல வருஷம் வெந்து, அப்பளம் மாதிரி மொறுமொறுப்பாகியிருந்தது.

அந்தச் சின்னக் கைப்பிடியை அவன் விரலால் தள்ளினான். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். "இப்ப விழுந்துச்சு பாருங்க, கொக்கி."

ஒரு மாதமாக நான் கேட்டிருக்க வேண்டிய சத்தம் அது.

கம்பியைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். சைக்கிள் பிரேக்கில் பார்க்கிறோமே, குழாய்க்குள் ஓடும் இரும்புக் கம்பி, அதே ஜாதிதான். பவுடன் என்பவர் 1896-இல் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். மேலே உறை அசையாமல் இருக்கிறது. உள்ளே கம்பி வழுக்கிக்கொண்டு போகிறது. அதனால் வளைந்து நெளிந்து எங்கே வேண்டுமானாலும் கையின் வேலையைக் கொண்டுபோகலாம். சைக்கிளில் இழுப்பது மட்டும்தான் கம்பியின் வேலை. திருப்பி விடுவதற்கு ஸ்பிரிங் இருக்கிறது. காரில் இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும்; ஆகையால் கம்பி விறைப்பாக இருக்கும். இவ்வளவு வேலையும் சில அங்குல ஓட்டத்துக்குள் முடிந்துவிடுகிறது. பெட்டிக்குள்ளே அந்த அசைவு ஒரு வால்வை நகர்த்தி, எண்ணெய் எந்த வாய்க்காலில் பாய வேண்டும் என்று தீர்மானிக்கிறது. மடை திருப்புகிற வேலை. இப்போது வரும் சில கார்களில் இந்தக் கம்பியே கிடையாது. பொத்தானை அழுத்தினால் மின்சாரம் போய்ச் சொல்கிறது. கம்பியாவது கழன்று விழுந்து கண்ணுக்குத் தெரிகிறது. மின்சாரம் பொய் சொன்னால் யாரைக் கேட்பது என்று எனக்குப் பயம்தான்.

அம்பாஸடரில் கம்பி இல்லை. ஸ்டியரிங் தண்டோடு ஒட்டிய கியர். அதிலிருந்து இரும்புத் தண்டுகள் கீழே இறங்கிப் பெட்டிக்குப் போகும். மூட்டுகள் தேய்ந்தால் கியர் நடுவழியில் சிக்கிக்கொள்ளும். டிரைவர் நிதானமாக இறங்கி, பானெட்டைத் திறந்து, கையை விட்டு ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்து உட்காருவார். நாங்கள் பையன்கள் அதை ஒரு மந்திரம் என்று நினைத்தோம். அந்த டிரைவர்கள் சரிவில் நிறுத்தினால் கல் வைக்காமல் டீக்குப் போனதில்லை. டிக்கியில் அதற்கென்று ஒரு கட்டையே இருக்கும்.

பையனிடம் புதுப் புஷ் இல்லை. வளையத்தைக் கைப்பிடியின் முளையில் மாட்டி, இரண்டு பிளாஸ்டிக் கட்டுகளை இறுக்கிக் கட்டினான். 'பி'யிலிருந்து 'டி' வரையில் தண்டைப் பத்துத் தடவை தள்ளி, ஒவ்வொரு தடவையும் பலகையைப் பார்க்கச் சொன்னான். "இது ஓசூர் போற வரைக்கும்தான், சார். நாளைக்கு வேணாம். எறங்கறப்பெல்லாம் கைப்பிரேக்கு." முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டான். அதிகமாகக் கொடுத்தேன், எண்ணிப் பார்த்து மீதியைத் திருப்பிவிட்டான்.

இதற்குள் மாம்பழச் சாக்கின் மேல் ஒரு சிநேகம் வளர்ந்துவிட்டிருந்தது. முழங்கால் வலிக்கு எந்த எண்ணெய், எந்த இலை என்று இரண்டு கிழவிகளும் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் தாயாருக்கு நடந்தது என்ன என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. காரில் ஏறும்போது மட்டும், "அந்த அம்மாவுக்கும் என் வயசுதாண்டா," என்றாள். கிருஷ்ணகிரி போய்ச் சேரும் வரையில் நான் வாய் திறக்கவில்லை.

ஓசூரில் பாத்திரப் படைப்பைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். இரண்டு மணி நேரம் தாமதமாகப் போனேன். எனக்குப் பதிலாக வேறொருவர் பேசி முடித்துக் கைதட்டலும் வாங்கியிருந்தார். யாருக்கும் நஷ்டமில்லை.

மறுநாள் ஒரு பட்டறைக்குப் போனேன். ஒரு பெரிய இடத்தில், கம்பி முழுவதையும் மாற்றியாக வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். அதைக் கேட்டதும் முழங்கால் வலி மறந்துபோயிற்று. இன்னோர் இடத்தில் வயதான மிஸ்திரி ஒருவர். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் யோசித்துக் கன்னடத்தில் பையன்களைத் திட்டும் ஓசூர்க்காரர். அவர் கம்பியைத் தனியே இழுத்துத் தள்ளிப் பார்த்தார். "கம்பி நல்லா ஓடுது. கம்பி கடினமா இருந்தாத்தான் மாத்தணும். புஷ் போதும்," என்றார்.

புஷ்ஷைப் போட்டதோடு விடவில்லை. உள்ளே தண்டை 'என்'னில் வைத்தார். பெட்டியின் கைப்பிடியையும் 'என்'னில் வைத்தார். கம்பியின் பூட்டுக் கிளிப்பைத் தளர்த்தி, கம்பி தானாக நிலைக்கு வர விட்டு, மறுபடி பூட்டினார். கார் கார் விதம் மாறுமாம். சிலவற்றில் 'பி'யில் வைத்துப் பூட்ட வேண்டும். பிறகு பரீட்சை. 'பி'யிலும் 'என்'னிலும் மட்டும் எஞ்சின் கிளம்ப வேண்டும். வேறு எதிலும் கிளம்பக் கூடாது. 'ஆர்' போட்டால் பின் விளக்கு எரிய வேண்டும். இரண்டு எழுத்துகளும் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டும். 'பி'யில் போடாமல் 'என்'னில்தான் கிளம்புகிறது என்றால் பாட்டரியைச் சந்தேகிக்காதே, கம்பியைப் பார் என்றார். யாரோ அவரிடம் என் ரகசியத்தைச் சொல்லிவிட்டது மாதிரி இருந்தது.

எண்ணெய் விடட்டுமா என்று கேட்டதற்கு ஒரு அதட்டல். உறைக்குள் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறதாம். எண்ணெய் விட்டால் புழுதியைப் பிடித்துக்கொள்ளும். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கிரானைட் அறுக்கிறார்கள். அந்தக் கல்மாவு போதும், கம்பியை அரம் போல ராவிவிடும். நுனியில் இருக்கும் ரப்பர் உறை கிழியாமல் பார்த்துக்கொண்டால் தண்ணீரும் புழுதியும் உள்ளே போகாது. கிழிந்தால் துரு, துருப்பிடித்தால் கம்பி விறைத்துக்கொள்ளும், விறைத்த கம்பியை முரட்டுத்தனமாகத் தள்ளினால் புஷ் உடையும். கம்பியின் கிளிப் கழன்று சைலன்ஸர்க் குழாய்ப் பக்கம் தொங்கினால் உறையே உருகிப் போகும். எலிக்கும் இந்த உறையின் ருசி தெரியும்.

நிறுத்துவதற்கும் ஒரு முறை சொல்லிக்கொடுத்தார். கால் பிரேக்கிலேயே இருக்கட்டும். 'என்'னுக்குத் தள்ளு. கைப்பிரேக்கைத் தூக்கு. காலை மெள்ள எடு. காரின் பாரம் கைப்பிரேக்கில் உட்காரட்டும். மறுபடி காலை வைத்து, அப்புறம்தான் 'பி'. இப்படிச் செய்தால் கொக்கியின் மேல் பாரம் விழாது. எடுக்கும்போது தண்டு முரண்டு பண்ணாது.

நான் ஒருத்தன்தான் இப்படி ஏமாந்தவன் என்று எண்ணியிருந்தேன். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால், 2022-இல் அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி ஏறக்குறைய 29 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்திருக்கிறது. காரணம், இதே கம்பி நுனிப் புஷ். சூட்டிலும் ஈரத்திலும் அது கெட்டு உதிர்ந்துவிட, தண்டு 'பி'யில் இருக்கக் கார் உருண்டு போகலாம் என்றுதான். புது புஷ் போட்டு, அதன்மேல் ஒரு பாதுகாப்பு மூடியும் வைத்துக் கொடுத்தார்களாம். பழுது பார்க்கும் வரையில் கைப்பிரேக்கைப் போடுங்கள் என்று அறிவிப்பு வேறு. மத்தூரில் இந்த அறிவிப்பு எனக்கு இலவசமாகவே கிடைத்தது.

திரும்பி வரும்போது அதே இடத்தில் நிறுத்தச் சொன்னாள் என் தாயார். கிழவி இருந்தாள். சாக்கில் செந்தூராவும் பெங்களூராவும் குவிந்திருந்தன. மிஸ்திரி சொன்னபடி எல்லாம் செய்தேன். பிரேக், 'என்', கைப்பிரேக்கு, 'பி'. இரண்டு எழுத்தையும் ஒத்துப் பார்த்தேன். உள்ளே கொக்கி விழும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டேன். சாவியை எடுத்துக்கொண்டு, பரீட்சையில் தேறிய பையன் மாதிரி இறங்கினேன்.

கிழவி என்னைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. எழுந்தாள்; தான் உட்கார்ந்திருந்த கல்லை உருட்டிக்கொண்டு வந்து முன் சக்கரத்தடியில் வைத்தாள்; காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். பிறகு தராசை எடுத்துக்கொண்டு, "எத்தன கிலோ போடட்டும்?" என்று கேட்டாள்.